அக்காவின் தலைக்கு மேல் விளக்கு

மகெலேசியின் முகத்தில் வெளிச்சம் நிற்காது. அது அந்தக் குடும்பத்து வாகு. அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. புருவ எலும்பு முன்னால் தள்ளி, கண் இரண்டும் உள்ளே ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். நேரில் அந்தக் கண் ஒருமுறை திரும்பினால் கொலொங்கா ஊரில் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். படத்தில் மட்டும் அங்கே இரண்டு குழிதான் இருக்கும்.

அந்தக் குழிகளை இத்தனை வருஷமாகப் படமெடுத்துக் கொண்டிருப்பவர் அவருடைய சொந்தத் தம்பி பெனிசிமானி. பசிபிக் தீவான தோங்காவின் கிழக்குக் கரையோரத்தில் கல்யாணமென்றால் படம் அவருடையதுதான். மணப்பெண்ணின் வெள்ளை உடுப்பும், மாப்பிள்ளை இடுப்பில் சுற்றிய பாயின் மங்கல் மஞ்சளும், எண்ணெய் மினுங்கும் மாநிறத் தோளும் ஒரே படத்தில் ஒன்றையொன்று தின்றுவிடாமல் நிற்பது அவர் கையில்தான் என்று நுக்கு அலோஃபா நகரத்திலிருந்தும் ஆள் வரும். ஆனால் எடுத்த கல்யாணங்களில் பாதி சொந்தக் குடும்பத்துக் கல்யாணம். அங்கேயெல்லாம் அக்கா நாற்காலியில் இருப்பார். தம்பி தரையில் இருப்பார்.

மணப்பெண்ணின் அப்பாவோடு பிறந்த மூத்த பெண்தான் சபையில் மேலானவர். அந்த இடத்துக்கு ஃபாஹு என்று பெயர். சீராக வந்து குவிகிற பாய்களில் பெரியது அவருக்கு. அடுக்குக் கேக்கின் மேல்தட்டு அவருக்கு. அவர் நாற்காலியில் அமர்ந்தால் மற்றவர் தரையில்தான். அவர் தலைக்கு மேலாக எவர் கையும் போகக்கூடாது. அதிலும் தம்பியின் கை போகவே கூடாது. உடன்பிறந்தவள் படுக்கிற அறையில் தம்பி கால் வைப்பதில்லை. அவள் காதில் விழும்படி கேலி பேசுவதில்லை. அவளைப் பார்த்து இப்படித் திரும்பு, அப்படிச் சிரி என்று சொல்வதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வெளிச்சத்துக்கோ வேறு முறை. ஃபிளாஷைக் கேமராவின் தலையிலேயே வைத்து நேராக அடித்தால் எண்ணெய் பூசிய நெற்றி தகரம்போல மின்னி முகம் தட்டையாகும். கூரையைப் பார்த்து அடித்தால் ஒளி மழைபோல நேர்மேலிருந்து இறங்கும். கண் உள்ளே போனவர்களுக்குப் புருவமே கூரை விளிம்பாகிவிடும், ஒரு துளியும் உள்ளே விழாது. தரையிலிருந்து அடித்தால் அடுப்பு முன்னால் குனிந்த முகம்தான் வரும். மகெலேசி மாதிரி முகத்துக்கு ஒரே வழி உண்டு. வெள்ளைக் குடைக்குள் ஃபிளாஷைத் திருப்பிவைத்து, அந்தக் குடையை நெற்றிக்கு நேராக, பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுவர வேண்டும். முகமும் அதை நோக்கிச் சற்று நிமிர வேண்டும். அப்போதுதான் புருவத்துக்கு அடியில் நுழைந்து கண்ணுக்குள் ஒரு பொட்டு ஒளி உட்காரும். ஆனால் குடை நெற்றிக்கு நேராக வந்தால் அதன் மேல்பாதி தலைக்கு மேலே போகும். யாராவது நின்றுகொண்டு பிடிக்க வேண்டும். யாராவது அவரை நிமிரச் சொல்ல வேண்டும்.

ஒருமுறை பெனிசிமானி குடையை ஆள் இல்லாமல் ஒரு தாங்கியில் நிறுத்திப் பார்த்தார். மகெலேசி அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. “என் தலைக்கு மேல கொடி ஏத்தினது யாரு?” என்று பொதுவாகக் கேட்டார். தாங்கி அன்றே வண்டியில் ஏறிவிட்டது.

இதெல்லாம் பழைய கதையாகவே இருந்துவிட்டுப் போயிருக்கும், மகெலேசியின் சிறுநீரகம் கெடாமல் இருந்திருந்தால். ஆக்லாந்தில் மகன் வீட்டில் தங்கி, வாரத்துக்குப் பலமுறை மெஷினில் கிடந்து ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தவர், ஒருநாள் போதும் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். இங்கே அந்த மெஷின் இல்லை. அது அவருக்கும் தெரியும், கூட வந்த மகன் ஃபெலெட்டிக்கும் தெரியும். கடைசித் தம்பி சிடிவெனியின் மகள் லெசியெலிக்குக் கல்யாணம். அதில் நாற்காலியில் உட்கார வேண்டும். அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்றார். அதற்கு அப்புறம் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

ஃபெலெட்டி ஸ்டூடியோவுக்கு வந்தான். அக்கா மகன் என்பதால் அவன் மாமன் வீட்டில் எதையும் கேட்காமல் எடுப்பான். எடுத்தான், மேசையிலிருந்த வாழைப்பழத்தை.

“மாமா, சர்ச்சில வைக்க ஒரு படம் வேணும். பெருசா.”

பெனிசிமானி கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்க மழை. லென்ஸுக்குள் ஈரம் கோத்திருந்தது. “இருக்கற படம்லாம்?”

“பாத்தேன். அம்மா முகத்துல ரெண்டு ஓட்டை. ஆக்லாந்துல எடுத்ததுல மூஞ்சி வீங்கியிருக்கு. அம்மாவ உக்காரச் சொன்னா, நான் இன்னும் சாகலடான்னு செருப்ப எடுக்கறாங்க. கல்யாணத்தன்னைக்கு எடுத்தாத்தான் உண்டு.” பழத்தோலை மடித்துவைத்துவிட்டு மாமனைப் பார்த்தான். “ஊருல இருக்கறவ மூஞ்சியெல்லாம் பளபளன்னு எடுக்கறீங்க. சொந்த அக்காவுக்கு மட்டும் கரண்டு கட்டா?”

அவன் போனபிறகும் அந்தப் பேச்சு அறையிலேயே நின்றது. பெனிசிமானிக்கு முதுகு வளைந்து பழக்கமில்லை. தரையில் குந்திக்கொண்டு படமெடுக்கிறபோதுகூட நிமிர்ந்துதான் குந்துவார். அன்று சாயங்காலம் வரை அதே நாற்காலியில் முதுகு வளைந்து உட்கார்ந்து, துடைத்த லென்ஸையே துடைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவி பிசிலா கொல்லையில் சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு மூட்டை மூட்டையாகச் சீவ வேண்டும். சீவிச் சீவி விரலெல்லாம் அரிப்பு. மற்றக் கல்யாணங்களில் மூங்கில் கழியில் குடையைக் கட்டித் தூக்கிக்கொண்டு புருஷன் பின்னாலேயே நடப்பது அவள்தான். கணவரின் கண் போகிற திசையைப் பார்த்தே கழியைச் சாய்ப்பாள். ஆனால் மகெலேசி நாற்காலியில் இருக்கிற கல்யாணத்தில் அவளுக்கு மண்டபத்துக்குள் இடமில்லை. தம்பி பெண்டாட்டிகளுக்கு இடம் பின்னால், குழியடுப்புப் பக்கம்.

“நீ கொஞ்ச நேரம் வந்து பிடிச்சுட்டுப் போனா?” என்றார்.

கத்தி நின்றது. “நானா? அண்ணி தலைக்கு மேலயா? இந்த ஊர்ல நான் அப்புறம் தண்ணி குடிக்க முடியுமா?”

“ஃபெலெட்டி பிடிக்கட்டும்.”

“பெத்த தாய் தலைக்கு மேல பிள்ளை குடை பிடிப்பானா? அவன் வாய்தான் பெருசு. சம்பளத்துக்கு ஒரு வெள்ளக்காரனக் கூட்டிட்டு வாங்க, அவனுக்குத்தான் முறை கிடையாது.”

“அக்காவ அந்நியன் தொட்டு நிமிர்த்தறதா? அதுக்கு ஓட்டையே இருந்துட்டுப் போகட்டும்.”

பிசிலா மறுபடி சீவத் தொடங்கினாள். பெனிசிமானி மனசுக்குள் குடும்பத்தில் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தார். தம்பிமார், தம்பி பிள்ளைகள், அவர்கள் பெண்டாட்டிகள். எல்லோரும் அக்காவுக்குக் கீழே. அக்காவுக்கு மேலே யார்? அப்பாவுக்கு ஒரு அக்கா இருந்தார். அவர் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. அவருக்கு ஒரே மகள்.

“ஹெபிசிபா,” என்றார்.

பிசிலா கத்தியைக் கீழே வைத்தாள். “எந்த ஹெபிசிபா? போர்வை ஹெபிசிபாவா?”

அந்தப் பெயர் குடும்பத்துக்கே அவமானம். பெனிசிமானியின் அப்பா இறந்தபோது, முறைப்படி சடங்கில் மேலானவர் அவருடைய அக்கா மகள் ஹெபிசிபாதான். பெரிய பாய் அவருக்குப் போக வேண்டியது. அன்று பிரபு வீட்டிலிருந்து யாரோ வந்துவிட்டார்கள் என்று பாயை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, ஹெபிசிபாவின் மடியில் கடையில் வாங்கிய பூப்போட்ட போர்வையை வைத்தார்கள். வைக்கச் சொன்னது மகெலேசி. ஹெபிசிபா அந்தப் போர்வையை அங்கேயே விரித்து, அதன்மேல் நடந்து வெளியே போனார். அதோடு பேச்சுவார்த்தை இல்லை.

“அக்கா தலைக்கு மேல கை தூக்கற உரிமை இந்தத் தீவுலயே அவங்க ஒருத்தருக்குத்தான். அக்காவ நிமிருன்னு சொல்லவும் அவங்களால முடியும்.”

“அது சரிங்க. ஆனா அவங்க உள்ள வந்தா...”

“வருவாங்களா மாட்டாங்களான்னு கேட்டுப் பாப்போம். நீ கூட வா. நான் நேரா பேச முடியாது.”

“இல்லங்க, நான் என்ன சொல்ல வர்றேன்னா...”

“நீ சொல்ல வேண்டியது அங்க வந்து சொல்லு,” என்று எழுந்துவிட்டார்.

ஹெபிசிபா நகரத்துச் சந்தையில் கிழங்குக் கடை போட்டிருந்தார். பெரிய உடம்பு. முன்னால் வள்ளிக்கிழங்கு குவியல், அன்னாசிக் கட்டு, விசிறிக்கொள்ள ஒரு அட்டை. பெனிசிமானி இடுப்பில் பாயைச் சுற்றிக்கொண்டு, முறையாக, கடைக்கு நாலடி தள்ளி நின்றார். அந்த ஊரில் அத்தை மகளும் உடன்பிறந்தவள் கணக்குத்தான். முகம் பார்த்துப் பேசும் வழக்கமில்லை. அவர் பார்வை கிழங்கின் மேல் இருந்தது.

ஹெபிசிபா பிசிலாவைத்தான் பார்த்தார். “என்னடி, கிழங்கு தீந்து போச்சா உங்க ஊர்ல? வாசல்ல ஒரு கம்பத்தை வேற நட்டு வச்சிருக்க.”

“உங்ககிட்ட ஒரு காரியமா வந்தோம்க்கா.”

“கம்பத்துக்கு வாய் இல்லையா?”

“அவர் எப்படிப் பேசுவார்?”

“ஓ, முறை!” அட்டையால் விசிறிக்கொண்டார். “முறையெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு அவனுக்கு. சொல்லு, என்ன காரியம்?”

பிசிலா சொன்னாள். அக்காவின் உடம்பு, மெஷின், கல்யாணம், கண்ணில் விழாத வெளிச்சம், குடை. சொல்லச் சொல்ல ஹெபிசிபாவின் அட்டை மெதுவாகிக் கடைசியில் நின்றுவிட்டது.

“மகெலேசிக்கு ரொம்ப முடியலையா?”

“காலெல்லாம் தூண் மாதிரி வீங்கிப் போச்சு. ராத்திரி உக்காந்துதான் தூங்கறாங்க.”

“சின்னப் புள்ளைல எங்க வீட்டுக் கொய்யா மரத்துலயேதான் இருப்பா. அப்பவும் நான் இறங்குடின்னா இறங்குவா. வேற யார் சொன்னாலும் இறங்க மாட்டா.” ஹெபிசிபா ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். “கம்பத்துக்கிட்ட கேளு. விளக்கு பிடிக்க மட்டும்தான் கூப்பிடறானா?”

பெனிசிமானி கிழங்கைப் பார்த்தே தலையை அசைத்தார். ஆமாம், அது மட்டும்தான்.

“நல்லா யோசிச்சுச் சொல்லச் சொல்லு.”

“யோசிச்சாச்சு,” என்றார் அவர், கிழங்கிடம்.

பிசிலா புருஷன் முகத்தைப் பார்த்தாள். ஹெபிசிபா பிசிலாவின் முகத்தைப் பார்த்தார். இரண்டு பெண்களுக்கும் அங்கே ஏதோ புரிந்தது. சந்தையில் வைத்துப் புருஷனைத் திருத்துகிற வழக்கம் பிசிலாவுக்கு இல்லை.

“சரி, வரேன்,” என்றார் ஹெபிசிபா. “போர்வை எதுவும் குடுத்துடாதீங்க.”

கல்யாணத்தன்று மழை விட்டிருந்தது, புழுக்கம் விடவில்லை. விடியும் முன்னாலேயே குழியடுப்புக்குக் கல் சூடேறிவிட்டது. பன்றிகளைக் கம்பில் குத்திச் சுற்றுகிறவர்கள் முறைபோட்டுத் தூங்கினார்கள். பிசிலாவும் மற்ற மருமகள்களும் சேப்பிலையில் இறைச்சி வைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, பொட்டலம் கட்டிக் கட்டி அடுக்கினார்கள். புகையில் எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது. ஒருத்திக்கும் பேச வாய் வரவில்லை.

பெனிசிமானி அதிகாலையிலேயே மண்டபத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்தார். மூன்று பக்கமும் மரப்பட்டைத் துணி தொங்கவிட்டிருந்தார்கள், தரையிலிருந்து கூரைவரை, பழுப்பும் கறுப்புமாக. குடும்பத்துக்குப் பெருமைதான். ஃபிளாஷ் சுவரில் பட்டுத் திரும்பினால் மட்டும் எல்லா முகமும் காய்ச்சல் கண்டதுபோலப் பழுப்பாகும். வெள்ளையாக இருந்தது கூரை ஒன்றுதான். நாற்காலி முன்னால் நடுவில், பாய்களின் மேல் இருந்தது.

தேவாலயத்திலிருந்து எல்லோரும் திரும்பினார்கள். மகெலேசியை இரண்டு பேர் தாங்கி வந்தார்கள். நாற்காலிக்கு நாலடி முன்னாலேயே இருவரையும் விலக்கிவிட்டுத் தானே நடந்து உட்கார்ந்தார். கறுப்பு உடுப்பு, மடிப்புக் கலையாத பாய், நரைத்த கொண்டை. கையிரண்டும் நாற்காலிக் கையில். அப்படி உட்கார ஒரு வம்சம் வேண்டும். மணப்பெண் லெசியெலி அவர் காலடியில் அமர்ந்தபோது அந்த வீங்கிய பாதத்தில் படாமல் தன் வெள்ளை உடுப்பை ஒதுக்கிக்கொண்டாள்.

பெனிசிமானி “துலோ, துலோ” என்று மன்னிப்புக் கேட்டபடி குனிந்து வந்து, பாயில் சம்மணமிட்டு, வழக்கம்போலக் கூரையைப் பார்த்து ஃபிளாஷை அடித்தார். கேமராவின் முதுகில் படம் வந்தது. உடுப்பு சரி, பாய் சரி, நாற்காலி சரி. புருவத்துக்குக் கீழே இரண்டு குழி.

அப்போது வாசல் பக்கம் பேச்சு அடங்கியது.

ஹெபிசிபா வந்திருந்தார். குளித்து, எண்ணெய் பூசி, மார்புவரை ஏறுகிற ஒரு பாயைச் சுற்றியிருந்தார். ஓரமெல்லாம் நைந்து நார்நாராகத் தொங்குகிற பாய். நைந்த பாய்க்குத்தான் மதிப்பு; எத்தனை பேர் இடுப்பு மாறி வந்தது என்று அந்த நார் சொல்லும். அது அவருடைய அம்மாவின் பாய். பெனிசிமானியின் அத்தை அதைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் அந்த மண்டபத்தில் இன்னும் இருந்தார்கள்.

ஹெபிசிபா யாரையும் பார்க்காமல் சுவரோரம் போய், அங்கே சாய்த்திருந்த மூங்கில் கழியையும் குடையையும் எடுத்தார். “இதானே?” என்று கேட்டார், கழியிடம்.

குடும்பத்தின் பேச்சுக்காரர் எழுந்துவிட்டார். கிழவர். சபையில் யார் யாருக்கு என்ன இடம் என்பதைச் சொல்வது அவர் வேலை. சொல்லாமல் விட்டால்தான் அவருக்குப் பாவம். “சபைக்கு வந்திருக்கிறது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்,” என்று தொடங்கினார்.

“உக்காருய்யா கிழவா,” என்றார் ஹெபிசிபா. “நான் லைட் பிடிக்க வந்தவ. கூலிக்காரி வந்தா எந்திரிச்சு நிப்பியா?”

“நீங்க கழி பிடிக்க வந்தாலும் பன்றி சுட வந்தாலும் உங்க அம்மா யாருங்கறது மாறிடுமா? அழைப்பில்லாம வந்திருந்தா நான் பாக்காத மாதிரி இருந்துக்குவேன். உங்களக் கூப்பிட்டது இந்த வீட்டு மூத்த ஆம்பள, சந்தையே பாத்திருக்கு. மூத்தவன் கூப்பிட்டா அது குடும்பம் கூப்பிட்டது.” கிழவர் சபையைப் பார்த்துத் திரும்பினார். அவருக்கே குரல் இறங்கிவிட்டது. “இவங்க நிக்கறப்ப அந்த நாற்காலியில வேறொருத்தர் இருக்கறது முறையில்லை.”

பெனிசிமானி கேமராவை மடியில் இறக்கினார். குடை எவ்வளவு உயரம் வரவேண்டும், எந்தப் பக்கம் சாயவேண்டும், யார் கை அதற்குத் தகும் என்பதெல்லாம் கணக்குப் போட்டவர், அந்தக் கையோடு ஒரு ஆளும் வருமே என்று கணக்கில் வைக்கவில்லை. சாகப்போகிற அக்கா கடல் தாண்டி வந்தது அந்த நாற்காலிக்கு. ஊர் பார்க்க, அதிலிருந்து அவரை இறக்குவது தம்பி.

ஃபெலெட்டி துள்ளி எழுந்தான். “அம்மா, நீங்க அசையாதீங்க. எவன் இறங்கச் சொல்றான் பாக்கறேன்!”

“வாய மூடு,” என்றார் மகெலேசி. சத்தமாகச் சொல்லவில்லை. “முறை தெரியாத பிள்ளையப் பெத்தவள்னு எனக்குப் பேர் வாங்கிக் குடுக்காத.”

நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு காலை ஊன்றி, மற்றதை இழுத்து, பிடித்த பிடியை விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார். உதவிக்கு வந்த கைகளை அவர் கண் தூரத்திலேயே நிறுத்தியது. பாயில் உட்கார்ந்ததும் மூச்சு வாங்கியது. உடுப்பை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கண்ணை மட்டும் தாழ்த்தவில்லை. நேர் எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்காலி காலியாக நின்றது. ஹெபிசிபா அதில் உட்காரவில்லை. கழியை ஊன்றிக்கொண்டு அதன் பக்கத்தில் வந்து நின்றார். கீழே நரைத்த கொண்டையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஜெயித்தவள் களை எதுவும் இல்லை.

பேச்சுக்காரர் தொடங்கியதை முடித்தாக வேண்டும். கேக்கின் மேல்தட்டை ஏந்திக்கொண்டு வந்து ஹெபிசிபாவிடம் நீட்டினார்.

ஹெபிசிபா கேக்கைப் பார்த்தார். பிறகு குனிந்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, “மகெலேசி, உனக்கு இனிப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராமே?” என்றார்.

மகெலேசி சுவரைப் பார்த்தபடியே இருந்தார்.

“அதுக்குத்தாண்டி வந்தேன். யாராவது உனக்காகத் தின்னு தொலைக்கணும்ல? பாரு இந்த உடம்ப. உங்க வம்சத்துக்கே சேர்த்துத் தின்னுருக்கேன். கொய்யா மரத்துல நீ கடிச்சுப் போட்டதையும் நாந்தான் தின்னேன்.”

முதலில் பின்வரிசையில் ஒரு கிழவி சிரித்தாள். மகெலேசியின் உதடு இறுகியிருந்தது. ஒரு ஓரம் மட்டும் நழுவியது.

“புழு இருந்ததத்தான் உனக்குப் போட்டேன்,” என்றார்.

மண்டபமே வெடித்தது. ஹெபிசிபா கழியைத் தூக்கினார். குடை மகெலேசியின் நெற்றிக்குப் பக்கத்தில், தலைக்குப் பாதி மேலே, வெள்ளையாக வந்து நின்றது.

“இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்,” என்றார் பெனிசிமானி கேமராவிடம்.

“கேமரா, போதுமா?” என்றார் ஹெபிசிபா குடையிடம்.

“முகம்... முகம் கொஞ்சம் நிமிரணும்.”

“ஏய், நிமிரு. என்னப் பாரு. கழுத்துல எலும்பு இருக்கா இல்லையா?”

மகெலேசி நிமிர்ந்து பார்த்தார். சிரித்துக்கொண்டே, மேலே, தன்னைவிட மூத்தவளைப் பார்த்தார். பெனிசிமானி அழுத்தினார். குடை முழுக்க வெளிச்சம் நிறைந்து அணைந்தது. மறுபடி, மறுபடி. அவர் கேமராவின் முதுகைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவைப்படவில்லை. கண்ணாடித் துவாரத்தின் வழியாகவே தெரிந்தது, இரண்டு கண்ணிலும் பொட்டு.

ஹெபிசிபா பந்திக்கு நிற்கவில்லை. குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, கேக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். ஆனாலும் மகெலேசி திரும்ப நாற்காலியில் ஏறவில்லை. காலியான நாற்காலியின் பக்கத்திலேயே, பாயில், கடைசிப் பேச்சு முடியும்வரை முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

பெனிசிமானி கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனார். குழியடுப்பு திறந்தாகிவிட்டது; கல் இன்னும் புகைந்தது. பிசிலா கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து கைப்புண்ணில் ஊதிக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் ஃபெலெட்டி வந்துவிட்டான்.

“படம் கேட்டேன் மாமா. அம்மா மானத்தக் கேக்கல.”

அக்கா மகன் பேசினால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

“நாளைக்கு ஆக்லாந்துல எங்க ஆளுங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்? உங்க அம்மாவத் தரையில உக்கார வச்சாங்களாமேன்னு கேப்பாங்க. லைட்டு சரியில்லன்னு இறக்கினோம்னு சொல்லவா?” கையிலிருந்த தட்டை வாளிப் பக்கம் வீசிவிட்டுப் போனான்.

பிசிலா தட்டை எடுத்துத் துடைத்து வைத்தாள். “நான் சொல்ல வந்தேன்,” என்றாள்.

“சொல்லியிருக்கலாம்.”

“சொல்ல விட்டீங்களா?”

அவர் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். சூடாக இருந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் மகெலேசி வெளியே வரவில்லை. பெனிசிமானி இரண்டு படங்களைக் கையகல அளவில் அச்செடுத்தார். ஒன்று நாற்காலியில் இருப்பது. இன்னொன்று பாயில். இரண்டாவதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் அக்கா முகத்தை அப்படி அவர் பார்த்ததே இல்லை. அப்பாவின் கண். அதற்குள் இவ்வளவு குறும்பு இருந்தது அவருக்குத் தெரியாது. தெரிகிற மாதிரி ஒருநாளும் அது அவர் பக்கம் திரும்பியதில்லை.

இரண்டையும் ஒரு உறையில் போட்டுப் பிசிலாவிடம் கொடுத்தார். அவர் வண்டியிலேயே இருந்தார். அவள் உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து வந்தாள். வண்டி ஊர் எல்லை தாண்டியது. உறை அவள் மடியில் இருந்தது, பாதி மெலிந்திருந்தது.

“சர்ச்சில வைக்கப் பெருசா போடச் சொன்னாங்க. நாற்காலியில இருக்கறத.”

“அதுல கண்ணே இல்லையே.”

“நானும் சொன்னேன். என் கண்ணத்தான் ஊர் இத்தனை நாளா பாத்துடுச்சே, நாற்காலியப் பாக்கட்டும்னாங்க. ஃபெலெட்டி அப்பவும் தொணதொணன்னான். மாமனக் குத்தம் சொல்லாத, தலைக்கு மேல ஆள் இருக்குன்னு மறந்தது நான், ஞாபகப்படுத்தினது அவன்னாங்க.”

வண்டி குழியில் இறங்கி ஏறியது. “இன்னொண்ணு?” என்றார்.

“தரல. படுக்கைக்கிட்ட, தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டாங்க. ஹெபிசிபாக்கா முந்தாநாள் வந்து போனாங்களாம், அன்னாசியோட. இனிப்பு ஆகாதுன்னு தெரிஞ்சே.” பிசிலா லேசாகச் சிரித்தாள். “அவங்க வந்தா காட்டணுமாம். வேற யாருக்கும் காட்ட மாட்டாங்களாம். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னாங்க, அதோட பிரதிய எங்கயும் மாட்டிடக் கூடாதுன்னு.”

பெனிசிமானி கியரை மாற்றினார். வாழ்நாளில் எடுத்ததிலேயே நல்ல படம் அது. அதை எடுக்கத் தெரிந்தவன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இனி வழியில்லை.

வீட்டுக்கு வந்து நாற்காலிப் படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கினார். பிசிலா பின்னால் நின்று பார்த்தாள்.

“கம்ப்யூட்டர்லயே அந்தக் குழிய மட்டும் கொஞ்சம் வெளுக்க விடலாமில்ல? அண்ணிக்குத் தெரியவா போகுது?”

அவர் சுட்டியை நகர்த்தினார். திரையில் அந்தச் சின்ன வட்டம் கன்னத்தைத் தாண்டி, புருவத்துக்கு அடியில் வந்து நின்றது. அக்காவின் கண்மேல் தம்பியின் விரல். கையை எடுத்துவிட்டார்.

“படத்துலயும் அக்கா அக்காதான்,” என்றார்.

“அப்போ இப்படியேவா? நாளைக்கு சர்ச்சில எல்லாரும் என்ன சொல்லுவாங்க? பெனிசிமானிக்கு சொந்த அக்கா முகத்துல வெளிச்சம் வைக்கத் தெரியலன்னுதான் சொல்லுவாங்க.”

“சொல்லட்டும்.”

அச்சு மெஷினிலிருந்து தாள் மெதுவாக இறங்கியது. முதலில் கொண்டை, பிறகு நெற்றி, பிறகு இருட்டு, பிறகு நாற்காலி. ஈரம் உலரும்வரை இருவரும் காத்திருந்தார்கள். அப்புறம் அவர் இழுப்பறையைத் திறந்து ஸ்டூடியோ முத்திரையை எடுத்தார். தனக்குத் திருப்தியான படத்துக்கு மட்டும், தன் பெயரோடு ஓரத்தில் பதிக்கிற முத்திரை. வருஷத்தில் ஒன்றிரண்டு கல்யாணத்துக்குத்தான் அது வெளியே வரும்.

“இதுக்கா?” என்றாள் பிசிலா.

அவர் நேராக நிமிர்ந்து நின்று, படத்தைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு, வலது ஓரத்தில், யாரும் பார்க்காமல் போக முடியாத இடத்தில், தன் பெயரை அழுத்திப் பதித்தார்.